காய்ச்சலில் விழுந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய வைரஸ் ஒன்று தொழிற்புரட்சிக்கு முந்தைய மக்களிடம் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இரு வாரங்களுக்கு முன் வெளியான கட்டுரையையும், அதற்கு மறுப்பாகச் சென்ற வாரம் வந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். ரயிலும் நீராவிக் கப்பலும் மருத்துவமனையும் இல்லாத காலத்தில் அப்படியொரு வைரஸ் நுழைந்திருந்தால் ஓராண்டுக்குள் உலகில் எவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்கிறது கட்டுரை. அக்கால மக்கள் உழைத்து உரமேறிய உடலினர், ஆதலால் நமக்கு நேர்ந்த பாதிப்பு அவர்களுக்கு நேர்ந்தே இராது என்கிறது கடிதம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொற்றுநோய்ப் பிரிவுகளில் செவிலியராகப் பணியாற்றியவள் என்ற முறையிலும், ஓய்வு பெற்ற பின் கொள்ளைநோய்களின் வரலாற்றை விரும்பிப் படித்து வருபவள் என்ற முறையிலும் இவ்விரு கருத்துகளையும் என்னால் ஏற்க இயலவில்லை. இரண்டுமே வைரஸையும் உடலையும் மட்டும் எடை போடுகின்றன. காய்ச்சலில் படுத்தவருக்கு அருகில் எழுந்து நடமாடக்கூடிய ஒருவர் இருந்தாரா என்பதை இரண்டும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

இதற்கு விடை காணக் கற்பனையில் இறங்க வேண்டியதில்லை. இயந்திரத் தொழிலின் நிழல்கூடப் படாத மக்களிடம் வெளியுலகின் வைரஸ்கள் போய்ச் சேர்ந்த நிகழ்ச்சிகள் பல, ஆண்டும் மாதமும் இறந்தோர் தொகையுமாகப் பதிவாகியுள்ளன. அவற்றுள் தட்டம்மை நுழைந்த இரு தீவுக் கூட்டங்களின் கதைகளை அருகருகே வைத்துப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகள். 1781-க்குப் பிறகு அறுபத்தைந்து ஆண்டுகளாகத் தட்டம்மையே எட்டிப் பார்க்காத அத்தீவுகளுக்கு, 1846-ஆம் ஆண்டு கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சர் வழியாக அந்நோய் நுழைந்தது. ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த இடத்தில் சில மாதங்களுக்குள் 6,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிவைத்த பீட்டர் லுட்விக் பானும் என்ற இளம் மருத்துவர் குடியிருப்பு குடியிருப்பாகச் சென்று, யார் எந்த நாளில் யாரோடு இருந்தார், எந்த நாளில் உடலில் தடிப்பு கண்டது என்று விடாமல் எழுதி வைத்தார். தொற்றிய நாளுக்கும் தடிப்பு தோன்றும் நாளுக்கும் இடையே பதின்மூன்று அல்லது பதினான்கு நாள் செல்கிறது என்பதும், 1781-இல் நோய் கண்டு பிழைத்த முதியவர் ஒருவரைக்கூட இம்முறை அது தொடவில்லை என்பதும் அவர் வழியாகவே மருத்துவ உலகுக்குத் தெளிவாயின. இறந்தோர் தொகை நூற்றைத் தாண்டியது. ஆயினும், நோயுற்றவர்களில் அது நூற்றுக்கு மூவரை எட்டவில்லை.

இரண்டாவது, தென் பசிபிக்கின் ஃபிஜி. 1874 அக்டோபரில் தம் நாட்டைப் பிரிட்டிஷ் முடியாட்சியிடம் ஒப்படைத்த அரசர் தக்கோம்பவ், சிட்னிக்குச் சென்றுவிட்டு அடுத்த ஜனவரியில் ஒரு போர்க்கப்பலில் திரும்பினார். அந்தப் பயணத்திலேயே அவருடன் இருந்தோரிடம் தட்டம்மை ஏறியிருந்தது. அரசரைக் காண மலைநாட்டிலிருந்தும் பல தீவுகளிலிருந்தும் தலைவர்கள் வந்து கூடினார்கள். கூட்டம் கலைந்தபோது ஒவ்வொருவரும் நோயைத் தம் ஊருக்குக் கொண்டு போனார்கள். ஏறக்குறைய 1,50,000 மக்களில் 40,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அதாவது, நாலில் ஒருவருக்கும் சற்று அதிகம்.

இரு இடங்களிலும் வைரஸ் ஒன்றே. இரு இடங்களிலும் மக்களில் மிகப் பெரும்பாலோர் அந்நோயை அதற்கு முன் கண்டதில்லை. இரு இடங்களிலும் நவீன மருந்து எதுவும் இல்லை. ஓரிடத்தில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவாகவும், இன்னோரிடத்தில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேலாகவும் இறப்பு இருந்ததற்குக் காரணத்தை வைரஸின் கொடுமையில் மட்டும் தேட முடியாது. மரபணு வேறுபாடு ஒரு பங்கு வகித்திருக்கலாமா என்பது ஆய்வாளர்களிடையே விவாதத்தில் உள்ள செய்தி. அதை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் ஃபிஜியைப் பற்றிய அக்காலப் பதிவுகளைப் படிப்பவர்களுக்கு ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே வேளையில் விழுந்துவிட்டார்கள். காய்ச்சலின் வெம்மை தாளாமல் ஓடைகளில் இறங்கிக் கிடந்தார்கள். தட்டம்மையைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கு வந்தது. வயலுக்குப் போகவும் நீர் மொள்ளவும் அடுப்பு மூட்டவும் ஆள் இல்லை. புதிதாக வந்த ஆட்சியின் மீதும் அதன் மருந்தின் மீதும் அச்சம் இருந்தது. ஃபாரோவில் நோய் தீவு தீவாக நகர்ந்து அரையாண்டுக் காலம் எடுத்துக்கொண்டதால், ஒரு குடியிருப்பு எழுந்து நின்ற பிறகே இன்னொன்று படுத்தது என்பதும், முதியவர் சிலர் நோய் தொடாமல் நின்றதும், உண்ண உணவும் அரசின் மருத்துவரும் இருந்ததும் பல உயிர்களைக் காத்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இந்தக் கணிப்புக்கு வலுச்சேர்க்கும் மூன்றாவது நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1951-ஆம் ஆண்டு தெற்குக் கிரீன்லாந்தில், அதுவரை தட்டம்மையை அறியாத நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே அந்நோய் புகுந்தபோது, ஒரு சிலரைத் தவிர எல்லோருக்குமே தொற்றியது. அதைவிட முழுமையான பரவலைக் காண்பது அரிது. ஆனால் அங்கே மருத்துவர்களும் செவிலியர்களும் பென்சிலின் போன்ற மருந்துகளும் இருந்தன. இறந்தோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. ஆகவே, ஒரு மக்கள் கூட்டம் ஒரு வைரஸை முன்பு கண்டதில்லை என்பதனாலேயே அது அழிந்துபோகும் என்று எழுதுவது தவறு.

செவிலியராக நான் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். தட்டம்மை வந்து வயிற்றுப்போக்கும் கண்ட குழந்தைக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு வாய் தண்ணீர் புகட்ட வேண்டும். அது கேட்காது, கேட்கும் நினைவு அதற்கு இருக்காது. கண்ணில் சீழ் கட்டாமல் துடைக்க வேண்டும். மூச்சு இரைக்கும்போது தூக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். படுக்கையை மாற்ற வேண்டும். இரவு முழுவதும் இதைச் செய்ய வேண்டும். இவற்றில் எதற்கும் இயந்திரம் தேவையில்லை. விழித்திருக்கும் ஒரு மனிதர் தேவை. பல ஆண்டுகளுக்கு முன், நான் இருந்த பிரிவில் ஒரே வாரத்துக்குள் எங்களில் பாதிப் பேர் இன்ஃப்ளூயன்சாவில் படுத்துவிட்டோம். மருந்து அலமாரி நிறைந்திருந்தது. எடுத்துக் கொடுக்கக் கை இல்லை. எஞ்சிய இருவர் அந்தக் கூடம் முழுவதையும் எப்படிச் சுமந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. எங்களுக்குப் பக்கத்துப் பிரிவிலிருந்து ஆள் வந்தது. ஊர் முழுவதும் படுத்துவிட்டால் யார் வருவார்கள்?

தட்டம்மை அடிக்கடி வந்துபோகும் ஒரு நகரத்தில் அது பிள்ளைகளின் நோய். பெரியவர்கள் சிறுவயதிலேயே அதைக் கண்டு தேறியவர்கள் ஆதலால், படுத்த பிள்ளைக்குப் பக்கத்தில் தாய் இருப்பாள், பாட்டி இருப்பாள். நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத சூழலில் ஒரு தட்டம்மை நோயாளி சராசரியாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைத் தொற்றவைப்பார் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. அந்நோயைக் கண்டே இராத ஊரில் இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்றால், தாயும் பிள்ளையும் பாட்டியும் உழவரும் ஒரே வாரத்தில் படுக்கிறார்கள் என்பதுதான். பச்சிளங்குழந்தை காய்ச்சலால் சாவதற்கு முன்பே பாலின்றிச் சாகிறது.

1918-ஆம் ஆண்டு இன்ஃப்ளூயன்சாவின்போது சமோவாவில் நடந்தது இதற்கு மிகத் துயரமான சான்று. ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட ‘தலூன்’ என்ற கப்பல் நவம்பர் 7 அன்று நோயாளிகளுடன் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்த மேற்குச் சமோவாவில் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. சில வாரங்களில் ஏறத்தாழ 8,500 பேர் இறந்தார்கள். அது மக்கள்தொகையில் நூற்றுக்கு இருபத்திரண்டு. அருகிலிருந்த அமெரிக்கச் சமோவாவின் ஆளுநர் ஜான் போயர், வரும் கப்பல்களைக் கடுமையாகத் தனிமைப்படுத்தியதால் அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. மேற்குச் சமோவாவின் நிர்வாகி ராபர்ட் லோகன், அமெரிக்கச் சமோவா தர முன்வந்த மருத்துவ உதவியையும் ஏற்கவில்லை. அதே வைரஸ் நியூசிலாந்தில் குடியேறிய ஐரோப்பியரிடையே கொன்றது நூற்றுக்கு ஒருவரையும் எட்டவில்லை. அந்நாட்டுப் பூர்வகுடியினரான மாவோரிகளிடையே அதைப் போல் பல மடங்கு. இந்த வரிசையைப் பார்த்த பிறகும் வைரஸின் பெயரை மட்டும் வைத்துச் சாவைக் கணக்கிட முடியுமா? சமோவாவில் இறந்தவர்களில் குடும்பத் தலைவர்களும், ஊரின் மரபையும் நிலத்தின் எல்லையையும் நினைவில் வைத்திருந்த மூத்தவர்களும் ஏராளம். அந்த இழப்பின் கசப்பு பின்னர் எழுந்த ‘மவு’ விடுதலை இயக்கத்தில் வெளிப்பட்டது. 2002-ஆம் ஆண்டு நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கோரியபோது இதுவும் அவர் குறிப்பிட்ட தவறுகளில் ஒன்று.

இனி, சென்ற வாரக் கடிதத்தின் ‘உரமேறிய உடல்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். 1918-இன் வைரஸ் குழந்தைகளையும் முதியவர்களையும் மட்டுமன்றி, இருபது முதல் நாற்பது வயது வரையிலான வலிமை மிக்கவர்களையே மிகுதியாகக் கொன்றது என்பது உலகறிந்த செய்தி. அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் என்ற சிற்றூரில், பனியிலும் கடலிலும் வேட்டையாடி வாழ்ந்த எண்பது பெரியவர்களில் எழுபத்திரண்டு பேர் அவ்வாண்டு நவம்பரில் ஐந்தே நாள்களில் மாண்டார்கள். அவர்களைவிடக் கடினமாக உழைத்த உடல்களை எங்கே தேடுவது? மேலும், பழங்கால மக்கள் எல்லோரும் நலமாக இருந்தார்கள் என்ற எண்ணமே ஆதாரமற்றது. தொழிற்புரட்சிக்கு முந்தைய சமூகங்களில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி வளர்ந்து ஆளாகும் முன்பே இறந்தன. குடற்புழுவும் காசநோயும் மலேரியாவும் பருவந்தோறும் வரும் உணவுப் பஞ்சமும் அவர்களின் உடலை அரித்துக்கொண்டே இருந்தன. புகைபோக்கி இல்லாத குடிசையில் அடுப்புப் புகையைச் சுவாசித்த நுரையீரல், நிமோனியாவைத் தாங்குவதற்கு ஏற்றதன்று. உயிர்ச்சத்து ஏ குறைந்த குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் கண் போகும், உயிரும் போகும்; அதனால்தான் தட்டம்மை கண்ட குழந்தைக்கு உயிர்ச்சத்து ஏ கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுக்கும் வீட்டில் இரண்டாவதாக நோய் தொற்றியவருக்கு முதலில் படுத்தவரைவிட ஆபத்து அதிகம் என்பதைக் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிசாவில் பல்லாண்டுகள் ஆய்வு நடத்திய பீட்டர் ஆபி காட்டியுள்ளார்.

ஆனால் கட்டுரையாசிரியர் சொல்வதுபோல எல்லா வைரஸும் அம்மக்களை அழித்துவிடும் என்பதும் உண்மையன்று. நாம் அண்மையில் அனுபவித்த கொரோனாவையே எடுத்துக்கொள்வோம். தடுப்பூசி வருவதற்கு முன், 2020-இல் வெளியான ஆய்வுகளின்படி, அது தொற்றியவர்களில் இறந்தோர் பத்து வயதில் லட்சத்துக்கு 2 பேர், இருபத்தைந்தில் பத்தாயிரத்துக்கு ஒருவர், ஐம்பத்தைந்தில் ஆயிரத்துக்கு 4 பேர், எழுபத்தைந்தில் ஆயிரத்துக்கு 46 பேர், எண்பத்தைந்தில் நூற்றுக்கு 15 பேர். வயதுதான் அந்நோயின் அளவுகோல். தொழிற்புரட்சிக்கு முந்தைய ஊர் ஒன்றில் ஆயிரம் பேர் இருந்தால் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் ஐம்பது பேர் இருப்பதே பெரிது. எண்பத்தைந்தைத் தாண்டியவரை விரல் விட்டு எண்ணலாம். அந்த ஊரில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் தொற்றியதாகவே வைத்துக்கொண்டு, மேற்கண்ட விகிதங்களைப் பொருத்திப் பார்த்தால் இரண்டு அல்லது மூன்று இறப்புகள் வருகின்றன. ஆக்சிஜன் கொடுக்க வழியில்லை என்பதற்காக அதை இரு மடங்காக்கினாலும் ஐந்தாறு. எந்தக் கொள்ளைநோயும் இல்லாத ஆண்டிலேயே ஆயிரத்துக்கு முப்பது பேர் இறப்பதைக் கண்டு பழகிய ஓர் ஊருக்கு, அது குளிர்காலக் காய்ச்சல் சற்று கடுமையாக இருந்த ஓராண்டாகத் தோன்றியிருக்கும். காசநோயும் பசியும் இந்தக் கணக்கைக் கூட்டும் என்பதை அறிவேன். ஆயினும் அழிவு என்ற சொல்லுக்கு அது அருகில்கூட வராது. முதியோர் நிறைந்த, நீரிழிவும் உடற்பருமனும் மிகுந்த நம் காலத்துச் சமூகமே அந்த வைரஸுக்கு வசதியான இடமாக இருந்தது.

இளம்பிள்ளைவாதம் இன்னும் வியப்பானது. கழிவுநீரும் குடிநீரும் கலந்து கிடந்த காலத்தில் குழந்தைகளுக்கு அந்த வைரஸ் மிக இளம் வயதிலேயே, தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் உடலில் இருக்கும்போதே தொற்றியது. கால் முடங்கியவர்கள் மிகச் சிலர். நகரங்கள் தூய்மையாகி, தொற்று பல ஆண்டுகள் தள்ளிப்போன பிறகுதான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, அது கொள்ளைநோயாக உருவெடுத்தது. 1916-இல் நியூயார்க்கில் மட்டும் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கட்டுரையின் ‘ஓராண்டுக்குள் உலகம் முழுவதும்’ என்ற கூற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதுதான் வாசகர்களின் மனத்தில் ஆழப் பதிந்திருக்கும். மூச்சுக்காற்றால் பரவும் வைரஸுக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் ஒரு கண்ணி அறுந்தால் அதன் பயணம் முடிந்தது. தட்டம்மை ஓரிடத்தில் அணையாமல் நீடிக்க வேண்டுமானால் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை மக்கள் நெருங்கி வாழ வேண்டும் என்பது தீவுகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்களின் முடிவு. தொழிற்புரட்சிக்கு முன் அத்தனை பேர் வாழ்ந்த நகரங்கள் உலகில் மிகச் சில. மற்ற ஊர்களில் அது வைக்கோல் போரில் பிடித்த நெருப்பைப் போல எரிந்து, எரிய ஏதும் இல்லாமல் அணையும். அடுத்த பொறி வர ஒரு தலைமுறை ஆகலாம். பாய்மரக் கப்பல் ஒன்று மூன்று மாதம் கடலில் கிடந்தால், தட்டம்மை கப்பலிலேயே எல்லோரையும் தொட்டு முடிந்து, கரை சேரும்போது தொற்றவைக்க ஆள் இருக்காது. பசிபிக் தீவுகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை தட்டம்மை பெரிதும் எட்டாமல் இருந்ததற்கு இந்தத் தொலைவே அரண். கப்பல்கள் விரைந்து செல்லத் தொடங்கியதும், ஏறும் பயணிகள் பெருகியதும் அரண் இடிந்தது.

இந்தக் கண்ணியின் அருமையை விளக்க, என் மனத்துக்கு மிக நெருக்கமான ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பெரியம்மைக்கு எதிராக ஆங்கில மருத்துவர் ஜென்னர் அறிமுகப்படுத்திய அம்மைப்பாலை ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் குடியேற்றங்களுக்குக் கொண்டு செல்ல 1803-ஆம் ஆண்டு ஃபிரான்சிஸ்கோ பால்மிஸ் என்ற மருத்துவர் புறப்பட்டார். அம்மைப்பால் அத்தனை நாள் கெடாமல் இருக்க வழியில்லை. எனவே இருபத்திரண்டு அனாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றி, இருவருக்கு அம்மை குத்தி, ஒன்பது பத்து நாளில் அவர்களின் கொப்புளத்திலிருந்து அடுத்த இருவருக்கு எடுத்துக் குத்தி, இப்படியே கடலைக் கடந்தார்கள். ஒவ்வொரு முறையும் இருவருக்குக் குத்தியது, ஒருவருக்குப் பிடிக்காமல் போனாலும் தொடர் அறுந்துவிடக் கூடாதே என்பதற்காக. அந்தச் சிறுவர்களைக் கவனித்துக்கொள்ள உடன் சென்றவர் அனாதை இல்லத்தை நடத்தி வந்த இசபெல் செண்டால். அவருடைய மகனும் அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவன். கேட்கும் உரிமைகூட இல்லாத பிள்ளைகளின் உடலை இப்படிப் பயன்படுத்தியதை என்னால் மனதார ஏற்க முடியவில்லை. அந்தப் பெண் தூங்காமல் கழித்த இரவுகளை எண்ணாமல் இருக்கவும் முடியவில்லை. உயிர் காக்கும் ஒரு வைரஸை வேண்டுமென்றே கொண்டு செல்லவே இத்தனை ஏற்பாடு தேவைப்பட்டது என்றால், தானாகப் போகும் வைரஸ் ஒன்று பாய்மரக் காலத்தில் ஓராண்டில் உலகைச் சுற்றியிருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எச்.ஐ.வி.யின் வரலாறும் இதையே காட்டுகிறது. மனிதக் குரங்குகளிடமிருந்து அதன் மூதாதை வைரஸ்கள் மனிதருக்குத் தாவியது ஒருமுறை மட்டும் நடந்ததன்று, பலமுறை நடந்தது. பெரும்பாலானவை சிலரோடு நின்றுவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று கின்ஷாசா எனப்படும் லியோபோல்ட்வில் நகரத்தையும் அதன் ஆற்று வழியையும் ரயில் பாதையையும் அடைந்த ஒன்றுதான் உலகெங்கும் பரவியது. அதே வைரஸ் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுச் சிற்றூரில் நுழைந்திருந்தால் பெயரே தெரியாமல் மறைந்திருக்கக்கூடும்.

அம்மக்கள் கை கட்டி நின்றவர்கள் என்ற தொனி கட்டுரை முழுவதும் ஒலிக்கிறது. அது அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி. வைரஸ் என்ற சொல்லே இல்லாத 1377-ஆம் ஆண்டில் ரகூசா நகரம் (இன்றைய குரோஷியாவின் டுப்ரோவ்னிக்), கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கிய பின்னரே உள்ளே வரலாம் என்று விதித்தது. ஜென்னருக்கு நெடுங்காலம் முன்பே சீனாவிலும் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளிலும் பெரியம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்துக் குத்தும் முறை இருந்தது. 1721-இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது, ஓனெசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை முன்பு விவரித்திருந்த இந்த முறையைக் கேட்டறிந்தே மருத்துவர் பாய்ல்ஸ்டன் 240-க்கும் மேற்பட்டோருக்கு அம்மை குத்தினார்; அவர்களில் இறந்தோர் நூற்றுக்கு இருவர் அளவு, தானாக நோய் கண்டவர்களில் நூற்றுக்குப் பதினால்வர். பழகிய நோயைப் பற்றிய அறிவு ஊரில் இருந்தது. நோயாளியை எப்படித் தனியே வைப்பது, யார் அருகில் போகலாம், என்ன கொடுக்கலாம் என்று மூத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. புதிய வைரஸ் வரும்போது அந்த அறிவு உதவாமல் போகிறது. முன்பு நோய் கண்டு தேறி, அச்சமின்றி அருகில் போகக்கூடியவர் எவரும் ஊரில் இருப்பதில்லை. அதனால் நோயாளிகளை விட்டுவிட்டு மற்றவர்கள் ஓடுகிறார்கள்; ஓடுபவர்கள் நோயையும் உடன் கொண்டு ஓடுகிறார்கள். ஆகவே, அக்கால ஊர் ஒன்றுக்கு உண்மையான பேராபத்து எது என்று என்னைக் கேட்டால், தட்டம்மையைப் போல விரைந்து பரவி, 1918-இன் இன்ஃப்ளூயன்சாவைப் போல நடுவயதினரைப் படுக்கவைக்கும் வைரஸ் விதைப்புக் காலத்திலோ அறுவடைக் காலத்திலோ வருவது என்று சொல்வேன். இறப்பின் முதல் அலை காய்ச்சலால்; இரண்டாவது பசியால்.

இன்றைய வைரஸ் அத்தகைய மக்களிடம் போய்ச் சேர்வதைக் கட்டுரையாசிரியர் ‘நடக்க முடியாத கற்பனை’ என்று குறிப்பிட்டிருப்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. இந்த நிலையில் வாழும் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். பெருவின் அமேசான் காடுகளில் 1984-இல் மரம் வெட்ட வந்தவர்களோடு தொடர்பு ஏற்பட்ட பின், நாவா மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சுவாச நோய்களால் மாண்டார்கள். பிரேசில் அரசின் பழங்குடியினர் அமைப்பான ஃபுனாய், வலிந்து தொடர்பு கொள்வதில்லை என்ற கொள்கையை 1987-இல் ஏற்றது. 2014-இல் ஆக்ரே மாநிலத்தில் ஒரு சிறு குழுவினர் தாமாகவே காட்டை விட்டு வெளியே வந்தபோது அவர்களுக்கும் இன்ஃப்ளூயன்சா தொற்றியது. ஆனால் மருத்துவக் குழு உடனே சென்று அவர்களோடு தங்கிச் சிகிச்சை அளித்தது, அவர்கள் தேறினார்கள். முப்பது ஆண்டு இடைவெளியில் நடந்த இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே மனித உடல் மாறிவிடவில்லை.

அத்தகைய மக்களைத் தேடிச் சென்ற ஒரு பயணியின் அனுபவம் அக்கட்டுரையைத் தொடர்ந்து அடுத்த பகுதியாக வெளிவரும் என்று தாங்கள் அறிவித்திருக்கிறீர்கள். அதை அச்சிடும் முன் அவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகிறேன்: போவதற்கு யாரிடம் அனுமதி பெற்றார், அவர்களைச் சந்திக்கும் முன் எத்தனை நாள் தனித்திருந்தார், அவர் திரும்பிய பின் அங்கே எவருக்கேனும் காய்ச்சல் கண்டதா என்பதை அறிந்துகொள்ள வழி வைத்திருந்தாரா. அவர் தரும் விடைகளைப் புகைப்படங்களின் அருகிலேயே வெளியிட வேண்டுகிறேன். விடை இல்லையென்றால் அந்தப் பகுதியை வெளியிடாமல் நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற செவிலியர்